குடியேறினரா, குடியேற்றப்பட்டனரா?

மாணவர் எழுதும் வரலாற்றுக் கட்டுரைகளைத் திருத்தும் ஆசிரியர் எவரும் ஒரு தொடரை நன்கறிவர். 'நம் முன்னோர் பிழைப்பு நாடி மலாயாவில் வந்து குடியேறினர்' என்பது அத்தொடர். ஆண்டு மலர்களில் அது உண்டு. குடமுழுக்கு மலர்களின் முன்னுரையில் உண்டு. மேடைப் பேச்சுகளில் தவறாமல் உண்டு. இலக்கண வழு ஒன்றும் அதில் இல்லை. எழுவாய் இருக்கிறது; பயனிலை இருக்கிறது; திணையும் பாலும் இயைந்திருக்கின்றன. ஆயினும் அத்தொடரில் ஒரு பெரும்பிழை ஒளிந்திருக்கிறது என்பதே என் துணிபு. அப்பிழை வினைச்சொல்லில் இருக்கிறது. இலக்கண நூல் அதைப் பிழையென்று சுட்டாது, உண்மைதான் சுட்டும்.

தன்வினை, பிறவினை என்னும் பாகுபாட்டை இடைநிலைப் பள்ளியிலேயே கற்பித்துவிடுகிறோம். திருந்தினான், திருத்தினான், ஓடினான், ஓட்டினான், அமர்ந்தான், அமர்த்தினான், பெயர்ந்தான், பெயர்த்தான். மெல்லினம் வல்லினமாதல், ஒற்று இரட்டித்தல், வி, பி முதலிய விகுதிகள் சேர்தல் ஆகிய வழிகளால் தன்வினை பிறவினையாகும் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்லி, ஐந்து மதிப்பெண் வழங்கி அப்பாடத்தை முடித்துவிடுகிறோம். இப்பாகுபாடு மொழியில் எதன் பொருட்டு உள்ளது என்று மாணவன் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. செயலைச் செய்தவன் யார், அச்செயலுக்கு ஆட்பட்டவன் யார் என்பதை வினைச்சொல்லிலேயே பொதித்துவைக்கும் ஏற்பாடு அது. 'ஏறினர்' என்பதற்கும் 'ஏற்றினர்' என்பதற்கும் இடையில் நிற்பது ஒரே ஒரு றகர ஒற்று. அவ்வொற்று நீங்கினால் ஏற்றியவனும் தொடரிலிருந்து நீங்கிவிடுகிறான்.

இதனை இன்னும் சற்று நுணுகி நோக்கலாம். தமிழில் இவ்வினைக்கு இரண்டு நிலைகள் மட்டும் அல்ல, மூன்று நிலைகள் உள்ளன. 'கிழவர் பேருந்தில் ஏறினார்' என்றால் விருப்பமும் அவருடையது, காலும் அவருடையது. 'மகன் கிழவரைப் பேருந்தில் ஏறச் செய்தான்' என்றால் ஏறிய கால் கிழவருடையது, தூண்டல் மகனுடையது. 'மகன் கிழவரைப் பேருந்தில் ஏற்றினான்' என்றாலோ கிழவரின் செயல் பின்னிடைந்து மகனின் கையே முன்னிற்கிறது. மூட்டையை ஏற்றுவதும் அதே வினைதான். ஏற்றுதல் என்பது கொடுமை என்று சொல்ல வரவில்லை. முடியாதவரைக் கைதாங்கி ஏற்றுவது அன்புச் செயலே. செயல் யாருடையது என்பதை மட்டுமே வினை சொல்கிறது. அது நன்றா தீதா என்பதைத் தொடரின் ஏனைய பகுதி சொல்ல வேண்டும்.

'குடி' என்னும் சொல்லோடு இணையும்போது இவ்வினைகளின் நிறம் மேலும் விளங்கும். குடியேற்றுதல் என்பது புதிய நிலத்தில் மக்களை வாழவைத்தல். குடியமர்த்துதல் என்பதில் ஓர் அமைதி உண்டு. வேலையில் அமர்த்துவதுபோல், இடம் காட்டி இருக்கச் செய்யும் பொறுப்பு அதில் தொனிக்கிறது. குடிபெயர்த்தலில் வேர் அறும் ஓசை கேட்கிறது; நாற்றைப் பெயர்ப்பதும் ஆணியைப் பெயர்ப்பதும் அவ்வினையே. பெயர்த்த நாற்றை மீண்டும் நட்டார்களா என்பதைப் 'பெயர்த்தல்' சொல்லாது. ஆங்கிலத்திலிருந்தும் மலாயிலிருந்தும் மொழிபெயர்ப்போர் இவை யாவற்றையும் ஒரே பொருளனவாகக் கொண்டு, கைக்கு எட்டியதை எடுத்து வைத்துவிடுகின்றனர்.

நம் பழைய இலக்கியம் இதில் எத்துணை விழிப்பாக இருந்தது என்பதற்குப் பட்டினப்பாலை ஒன்றே போதும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் புகார் நகரைக் காட்டுமிடத்து, பல மொழி பேசும் பல நாட்டார் அங்கு வந்து கலந்து இனிதே வாழ்வதைச் சொல்கிறார். அவர்கள் வாணிகம் கருதித் தாமே வந்தவர்கள். ஆதலின் அவர்களுக்குப் 'பெயர்' என்னும் தன்வினையை ஆள்கிறார். அதே பாட்டின் பிற்பகுதியில் கரிகாலன் காட்டை அழித்து நாடாக்கியதையும், குளம் தோண்டியதையும், உறையூரை விரிவாக்கியதையும், அங்குக் குடிகளை நிலைநிறுத்தியதையும் கூறுகிறார். அங்கே 'நில்' என்பதன் பிறவினை வருகிறது. ஒரே பாட்டில், ஒரே புலவர், தாமே வந்தோர்க்கு ஒரு வினையும் அரசன் நிறுத்தியோர்க்கு மற்றொரு வினையும் வைத்திருக்கிறார். இரண்டும் அங்கே புகழ்ச்சியாகவே சொல்லப்படுகின்றன. ஆயினும் வினை மாறவில்லை.

உரையாசிரியரும் இதற்கு விலக்கல்லர். தொல்காப்பியப் பாயிர உரையில் நச்சினார்க்கினியர், அகத்தியர் துவாரகையிலிருந்து வேளிர் பதினெண்குடியினர் உள்ளிட்டோரையும் அருவாளரையும் தென்னாட்டிற்குக் கொண்டுவந்து, காடு கெடுத்து நாடாக்கிய கதையைச் சொல்கிறார். அது வரலாறா புனைவா என்பது வேறு வழக்கு. வேளிர் வந்தனர் என்று அவர் எழுதவில்லை. முனிவர் கொண்டுவந்தார் என்றே எழுதுகிறார். வேளிர் குறுநில மன்னர், பெருமைக்குக் குறைவில்லாதவர். அவர்களைக் 'கொண்டுவந்தார்' என்று சொல்வதில் உரையாசிரியருக்குக் கூச்சம் இல்லை. கூச்சமெல்லாம் நமக்குத்தான்.

இடையே ஒரு பெயர்ச்சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'குடியேற்றம்' என்று எழுதுகிறோமே, அது குடியேறுதலா, குடியேற்றுதலா? ஏறு, ஏற்று ஆகிய இரு வினைக்கும் உரிய தொழிற்பெயர்போல் அது நின்று, இரண்டிற்கும் இடையிலிருந்த வேலியை அழித்துவிடுகிறது. 'வெளியேற்றம்' என்பதும் அப்படியே. வெளியேறியதும் வெளியேற்றப்பட்டதும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. அலுவலகங்கள் இந்த இடரிலிருந்து தப்பிக்கொண்டன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 'குடிநுழைவு' என்றனர். இலங்கையில் 'குடிவரவு, குடியகல்வு' என்றனர். ஆனால் அதே இலங்கையில் 'குடியேற்றம்' என்று எழுதினால் 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் போன்றவற்றின்வழி அரசே மக்களைக் கொண்டுவந்து அமர்த்தியதைத்தான் தமிழ் வாசகர் எண்ணுவர். நம் நாட்டு மாணவன் அதே சொல்லைப் படித்து, யாரோ தாமாக வந்து தங்கினர் என்று நினைத்துக்கொள்வான். ஐயம் வரும் இடங்களில் குடியேறல், குடியேற்றல் என்று பிரித்து எழுதுவதில் என்ன இடர்? ஓசை சற்றுக் குறையும், அவ்வளவே.

இனி நம் வரலாற்றுக்கு வருவோம்.

மலாயாவிற்கு வந்த தமிழர் அனைவரும் ஒரே வினைக்கு உரியவர் அல்லர். வட்டித்தொழில் செய்த செட்டிமாரும், தமிழ் முஸ்லிம் வணிகரும், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எழுத்தராகவும் இருப்புப்பாதை ஊழியராகவும் பணியாற்றியோரும் 'வந்தனர்'. அவர்களுள் தங்கியோர் 'குடியேறினர்'. அதில் வழக்கில்லை. தோட்டங்களுக்கு வந்தோரின் நிலை வேறு. தொடக்கத்தில் ஒப்பந்தக் கூலிகளாக, அதாவது சஞ்சிக்கூலிகளாக வந்தோர் முன்பணத்துக்கும் கப்பல் செலவுக்கும் கட்டுப்பட்டவர்கள். காலம் முடியுமுன் வேலையை விட்டகல்வது தண்டனைக்குரிய குற்றம். அம்முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதனோடு உடன்வளர்ந்து பின்னர் மேலோங்கியது கங்காணி முறை. தோட்டத்தில் வேலை செய்தவனே தன் ஊருக்குத் திரும்பிச் சென்று, உறவினரிடமும் ஊராரிடமும் பேசி, ஆள் சேர்த்து அழைத்துவருவான். 1907இல் ஏற்பட்ட தமிழர் குடிநுழைவு நிதி, முதலாளிகளிடம் ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ப வரி வாங்கி, கப்பல் செலவை ஏற்றுக்கொண்டது. நாகப்பட்டினத்திலும் ஆவடியிலும் இருந்த தங்குமுகாம்களில் கூட்டிவைத்துக் கப்பலேற்றினர். 1938இல் இந்திய அரசு இத்தகைய உதவிப் பயணத்தைத் தடைசெய்யும்வரை இது தொடர்ந்தது.

இவர்களுக்கு எவ்வினை பொருந்தும்? 'பிடித்துவந்தனர்' என்றால் எல்லார்க்கும் பொருந்தாது. கங்காணியோடு புறப்பட்ட பலர் தாமே தலையசைத்துப் புறப்பட்டவர்கள். 'குடியேறினர்' என்றாலோ, பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் கங்காணியின் சொல்லும் ஒருங்கே மறைந்துபோகின்றன. மேலே கூறிய நடுநிலையே இங்குப் பொருந்துவது. ஏறிய கால் அவர்களுடையது. ஏறச் செய்தது பிறர். புதுமைப்பித்தன் தம் 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு பெண் போய்ச்சேரும் கதையை எழுதினார். அவள் பிடித்துச் செல்லப்படவில்லை. தானே விரும்பிப் போனாள் என்றும் சொல்ல முடியாது. அந்நடுநிலையைக் கதாசிரியர் பல பக்கங்களில் காட்டுகிறார். அதை ஒற்றை வரியில் சொல்ல வேண்டிய வரலாற்றாசிரியனுக்குப் பொறுப்பு இன்னும் கூடுகிறது.

இன்னொன்று. அக்காலத் தோட்ட நிருவாகம் தேடியது குடியை அல்ல, ஆளை. 'ஆள்கட்டுதல்', 'ஆள் இறக்குதல்', 'ஆள் கணக்கு' என்பனவே அன்றைய வழக்கு. காலைப் பெரட்டில் நின்றோர் ஆட்களாகவே எண்ணப்பட்டனர். 1930 முதல் ரப்பர் விலை வீழ்ந்தபோது இவ்வேறுபாடு வெளிப்படையாயிற்று. வேலையற்ற தமிழ்த் தொழிலாளர் ஓரிலட்சத்துக்கும் மேற்பட்டோர் மீண்டும் கப்பலேற்றித் தமிழகத்துக்கு அனுப்பப்பட்டனர். குடியேறியவரை விலை வீழ்ச்சிக்காகத் திருப்பி அனுப்புவதுண்டோ? விலை ஏறியதும் மீண்டும் ஆள் திரட்டினர். ஏற்றுவதும் இறக்குவதும் சரக்குக்கு உரிய வினைகள் என்பதைச் சொல்லாமலே அக்கணக்குப் புத்தகங்கள் சொல்லிவிட்டன.

1942இல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை இடத் தொடங்கி, 1943 அக்டோபரில் முடித்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். காலராவாலும் பட்டினியாலும் அடியாலும் மாண்டோர் மிகப் பலர். நம் தோட்டப்புறத்து மூதாட்டி எவரையேனும் கேட்டுப் பாருங்கள். 'சயாமுக்குப் புடிச்சிக்கிட்டுப் போயிட்டான்' என்பார். வேறு சொல் அவர் வாயில் வராது. எழுவாய் தோன்றாவிட்டாலும் ஆண்பால் ஒருமை விகுதியில் அவன் நிற்கிறான்: சப்பான்காரன். இதே செய்தியைச் செந்தமிழில் எழுதப் புகும் நம் கட்டுரையாளர், 'சயாம் இருப்புப்பாதைப் பணிக்குச் சென்ற தமிழர்' என்று எழுதுகிறார். பேச்சுமொழியில் இருந்த நீதி எழுத்துமொழிக்கு வருமுன் வழியில் உதிர்ந்துவிட்டது. செந்தமிழின் குற்றம் அன்று இது; நாம் செந்தமிழைச் சலவை மொழியாகக் கொண்டதன் குற்றம். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நூலாக வந்தது 1993இல். நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே அரை நூற்றாண்டு. அந்த அரை நூற்றாண்டு முழுவதும் சரியான வினையைக் காத்துவைத்தவர்கள் எழுத்தறியாத மூதாட்டியரே.

அவசரகாலத்தைப் பற்றி எழுதும்போது நாம் சற்றுத் தேறிவிடுகிறோம். 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரங்களில் வாழ்ந்த ஏறத்தாழ 5 இலட்சம் பேர், பெரும்பாலும் சீனர், புதுக்கிராமங்களுக்குள் கொண்டுவரப்பட்டனர். தோட்டத் தொழிலாளரின் லயங்களும் ஒருங்கு திரட்டப்பட்டுக் கம்பிவேலிக்குள் அடைக்கப்பட்டன. ஆங்கில ஆவணங்கள் இதனை மீள்குடியமர்த்தல் என்று மென்மையாகக் கூறின. நம்மவர் 'குடியமர்த்தினர்' என்று பிறவினையில் எழுதுவது சரியே. எனினும் 'அமர்த்துதல்' என்னும் சொல்லிலுள்ள பரிவு, முள்வேலிக்கும் அரிசிக் கட்டுப்பாட்டுக்கும் பொருந்துமா என்று ஆசிரியர் வகுப்பில் கேட்கலாம். 'வேலிக்குள் வைத்தனர்' என்றே ஒரு மாணவன் எழுதினால் நான் அதைத் திருத்த மாட்டேன்.

பிறவினை என்றாலே குற்றச்சாட்டு என்று கொள்ள வேண்டா. சிங்கப்பூரில் 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தோன்றியபின், கம்பங்களில் வாழ்ந்த மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டனர். தண்ணீரும் மின்விளக்கும் கிடைத்தன. அண்டை வீட்டாரும் ஆட்டுக்கொட்டிலும் தென்னையும் போயின. அங்கே 'குடியமர்த்தினர்' என்பது பொருந்திய சொல். அரசு தான் செய்ததை ஒளிக்கவும் இல்லை. நம் நாட்டில் 1956இல் தோன்றிய பெல்டா நிலத்திட்டங்களில் அரசால் தேர்ந்தெடுக்கப்பட்டு அமர்த்தப்பட்டோரை மலாய்மொழி 'பெனெரோக்கா' என்று அழைக்கிறது. முன்னோடி என்பது அதன் பொருள். அமர்த்தியது அரசாயினும், காடு வெட்டியவனுக்கு உரிய மதிப்பைப் பெயரில் தந்துவிட்டனர். காடு வெட்டிய நம் பாட்டன்மார்க்கு அப்படி ஒரு பெயரை நாமும் இட்டுக்கொள்ளவில்லை. மலாயிலும் 'பிண்டா' என்றால் இடம்மாறுதல், 'மெமிண்டாக்கான்' என்றால் இடம்மாற்றுதல் என்னும் வேறுபாடு தெளிவாக உண்டு. இரு மொழியும் கற்கும் நம் மாணவர்க்குத் தன்வினை பிறவினையைக் கற்பிக்க இதைவிட எளிய வாயில் இல்லை. மலாய்ப் பாடத்தில் அவ்வேறுபாட்டைப் பிழையின்றி எழுதும் மாணவன் தமிழில் மட்டும் அதனை நழுவவிடுகிறான்.

1950களிலும் 1960களிலும் நடந்த தோட்டத் துண்டாடல், பின்னர்ச் செம்பனை மாற்றம், அதன்பின் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியமை ஆகிய எல்லாவற்றிலும் லயத்து வீடுகளை இழந்தவர்கள் நம் மக்கள். இவற்றை எழுதும் கதைகளில் ஒரு வாடிக்கையைக் காண்கிறேன். 'தோட்டம் விற்கப்பட்டது. மக்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தனர்.' முதல் தொடரில் விற்றவன் இல்லை. இரண்டாம் தொடரில் பெயர்த்தவன் இல்லை. இரு தொடரும் சேர்ந்து, பருவம் மாறிப் பறவைகள் பறந்ததுபோன்ற ஓர் இயற்கை நிகழ்ச்சியாக்கிவிடுகின்றன. கதாசிரியரின் நெஞ்சில் சினம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கதையின் ஏனைய பகுதியெல்லாம் சினமே. ஆனால் சினம் உரிச்சொல்லில் ஏறி, வினையில் இறங்கிவிடுகிறது. 'கொடிய', 'இரக்கமற்ற' என்று எத்தனை அடைமொழி சேர்த்தாலும் ஒரு பிறவினைக்கு ஈடாகாது.

செயப்பாட்டுவினையை நம்பியும் ஏமாறக் கூடாது. 'குடியேற்றப்பட்டனர்' என்று எழுதிவிட்டால் கடமை முடிந்தது என்று பலர் எண்ணுகின்றனர். 'படு' விகுதி யாரால் என்னும் கேள்வியை எழுப்புகிறது. விடை சொல்ல வேண்டிய கட்டாயத்தை ஏற்படுத்துவதில்லை. ஆங்கில அலுவலக நடையிலிருந்து நாம் கற்றுக்கொண்ட பழக்கம் இது. தமிழ் தன்னியல்பில் செய்வினையை விரும்பும் மொழி. 'தோட்ட நிருவாகம் வெளியேற்றியது' என்பது 'வெளியேற்றப்பட்டனர்' என்பதைவிடக் குறுகியது, தெளிவானது. அதில் ஒருவர் பெயர் இருக்கிறது என்பதே அதன் இடர் என்றால், அவ்விடருக்கு இலக்கணம் பொறுப்பாகாது.

நம்மைப் போன்றே தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்ட இலங்கை மலையகத் தமிழரின் கதையில் இவ்வினைப் பிழை ஒரு சட்டச் சொல்லாகவே உறைந்துவிட்டது. 1964 அக்டோபரில் சிறிமாவோ, சாஸ்திரி உடன்பாடு 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று வகுத்தது. அவ்வாறு தமிழகம் வந்தோர்க்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். அவர்களுள் மிகப் பலர் இலங்கையில் பிறந்தவர்கள். தமிழகத்தை முன்பின் கண்டிராதவர்கள். காணாத இடத்துக்கு ஒருவர் 'திரும்புவது' எங்ஙனம்? 'தாயகம்' என்பதும் பொய். 'திரும்பியோர்' என்பதும் பொய். இரண்டும் சேர்ந்து அரசு முத்திரையோடு கூடிய ஓர் அட்டையில் ஏறிவிட்டன. மறுபுறம், 1990 அக்டோபரில் வட இலங்கையின் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். தமிழில் எழுதப்படும் கட்டுரைகளில் அம்மக்கள் 'இடம்பெயர்ந்தனர்' என்று படிக்கும்போது என் பேனா அங்கே நிற்கிறது. நம்மை ஏற்றியவனுக்குப் பிறவினை கேட்கும் நாம், தமிழர் தரப்பு ஏற்றி அனுப்பிய இடத்தில் தன்வினைக்குள் ஒதுங்குவது முறையாகாது. அளவுகோல் ஒன்றே இருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் ஓர் ஆசிரியர் கூட்டத்தில் நான் பேசியபோது இளம் ஆசிரியை ஒருவர் எழுந்து மறுத்தார். 'ஐயா, நீங்கள் சொல்கிறபடி எழுதினால் எங்கள் பாட்டன் பாட்டியரை மூட்டை முடிச்சாக்கிவிடுகிறீர்களே. அவர்கள் தாமாக ஒன்றுமே செய்யவில்லையா?' என்றார். நல்ல கேள்வி. அன்று விடை சொல்லத் தடுமாறினேன். 'வந்தேறி' என்று பிறர் ஏசும்போது, 'நாங்கள் ஏறவில்லை, ஏற்றினீர்கள்' என்று சொல்வதற்குப் பிறவினை வேண்டும் என்றேன். 'அது பிறர்க்குச் சொல்லும் விடை. எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்ளும் விடை என்ன?' என்று அவர் மீண்டும் கேட்டார்.

பின்னர் எண்ணிப் பார்த்ததில் அவர் கேள்வியிலேயே விடை இருந்தது. வருகை ஒரு செயல். குடியாதல் மற்றொரு செயல். இரண்டையும் 'குடியேறினர்' என்னும் ஒரே வினையில் அடைத்ததுதான் குழப்பத்துக்குக் காரணம். முதற்செயல் பிறருடையது, அல்லது பிறரோடு பகிர்ந்தது. ஆளாகக் கொண்டுவந்தனர். இரண்டாம் செயல் முழுக்க அவர்களுடையது. மரத்தடியில் கல்லை நட்டு மாரியம்மன் என்றனர். ஓலைக் கொட்டகையில் பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்தறிவித்தனர். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலையை நிறுத்தி, கூலி உயர்வும் மரியாதையும் கேட்டனர். துண்டாடல் நடந்தபோது 1960இல் துன் சம்பந்தன் அமைத்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு சேர்ந்து, தோட்டங்களையே வாங்கினர். நட்டனர், அறிவித்தனர், நிறுத்தினர், வாங்கினர்: இவ்வினைகளுக்கெல்லாம் எழுவாய் அவர்களே. இவற்றுள் சில பிறவினையும்கூட. அங்கே செய்விப்போர் நம்மவர். திருவள்ளுவர் 'குடிமை'க்கும் 'குடிசெயல்வகை'க்கும் தனித்தனி அதிகாரம் வைத்தார். குடிப்பிறப்பு வேறு, குடியை உயரச் செய்தல் வேறு என்பது அப்பகுப்பிலேயே தெரிகிறது. நம் பாட்டன்மார் செய்தது இரண்டாவது.

ஆகவே மாணவன் ஒரு தொடரில் எழுதுவதை இரண்டாக எழுதச் சொல்கிறேன். 'தோட்ட முதலாளிகளும் ஆங்கில அரசும் கங்காணிகள்வழி நம் முன்னோரை மலாயாவுக்குக் கொண்டுவந்தனர். அவர்கள் இங்கே குடியாயினர்.' மதிப்பெண் திட்டத்தில் இதற்கு இடமில்லை என்றால் திட்டத்தைத் திருத்தலாம்.

என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு தோட்டப் பள்ளியில் நான் பணியாற்றியபோது, ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி 'என் குடும்பம்' என்னும் கட்டுரையில், 'எங்க தாத்தாவ ஆள் கட்டி கப்பல்ல ஏத்திக்கிட்டு வந்தாங்க' என்று எழுதியிருந்தாள். நான் அத்தொடர் முழுவதையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மேலே 'எங்கள் தாத்தா மலாயாவில் குடியேறினார்' என்று எழுதிக்கொடுத்தேன். அவளும் அதை மூன்று முறை எழுதிக் காட்டினாள். இன்று அந்த ஏடு என் கைக்கு வருமானால், 'எங்க' என்பதை 'எங்கள்' என்றும், 'தாத்தாவ' என்பதைத் 'தாத்தாவை' என்றும், 'கப்பல்ல ஏத்திக்கிட்டு வந்தாங்க' என்பதைக் 'கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள்' என்றும் திருத்துவேன். வினையைத் தொட மாட்டேன்.